ஈஸ்போர்ட்ஸ் மேட்சில் ‘ஆம் / இல்லை’ டிரேடிங்: சட்டம் என்ன சொல்கிறது?

ஈஸ்போர்ட்ஸ், அதாவது போட்டியாக நடத்தப்படும் வீடியோ கேம். அதில் ஒன்றான, அணிகள் சுட்டு மோதும் வேலரண்டில் மேட்ச் ஒன்று தொடங்கப் போகிறது. ஆப்பில் ஒரு கேள்வி: “இந்த அணி ஜெயிக்குமா?” ‘ஆம்’ 6.50 ரூபாய், ‘இல்லை’ 3.50 ரூபாய். அணி ஜெயித்தால் ‘ஆம்’ வாங்கியவருக்கு 10 ரூபாய் கிடைக்கும். தோற்றால் போட்ட காசு போச்சு. முதல் மேப் (மேட்சின் முதல் ஆட்டம்) கைவிட்டுப் போனதுமே ‘ஆம்’ விலை சரசரவென்று இறங்கும். பயந்தவர் அப்போதே விற்றுவிட்டு வெளியே வரலாம். பார்க்க அப்படியே ஷேர் மார்க்கெட் மாதிரி இருக்கும். இதைத்தான் பிரெடிக்‌ஷன் மார்க்கெட் என்றும் ஒப்பீனியன் டிரேடிங் என்றும் சொல்கிறார்கள்.

ஆனால் ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கும் செபி இதில் கிடையாது. இது தன் அதிகார வரம்புக்குள் வராது, இங்கே கைமாறுவது பங்குப் பத்திரமே அல்ல, முதலீட்டாளருக்கான பாதுகாப்பு எதுவும் பொருந்தாது என்று 2025 ஏப்ரல் 29 அன்று செபி எச்சரித்துவிட்டது.

அடுத்து வந்தது ஆன்லைன் கேமிங் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம். 2025 ஆகஸ்ட் 20, 21 தேதிகளில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்ற, 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். இந்தச் சட்டம் ஈஸ்போர்ட்ஸை ஒரு விளையாட்டாக ஏற்றுக்கொள்கிறது. நுழைவுக் கட்டணம் வாங்கலாம், திறமைக்குப் பரிசுப் பணமும் தரலாம். ஆனால் பந்தயம் கூடாது. அதுவும் யார் கட்டினாலும் கூடாது: ‘போட்டியில் பங்கேற்பவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும்’ என்பதை ஈஸ்போர்ட்ஸுக்குத் தரும் விளக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். என் பார்வையில் இந்த விஷயத்தில் முக்கியமான வரி இதுதான்.

பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆன்லைன் விளையாட்டுக்கு மொத்தமாகவே தடை. திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வாதம் இனி செல்லாது. பணத்துக்குப் பதில் காயின், டோக்கன் என்று பெயர் மாற்றினாலும், காசு கொடுத்து வாங்கியதென்றால் அதுவும் பந்தயப் பொருள்தான். ‘இது விளையாட்டல்ல, டிரேடிங்’ என்று ஆப் நடத்துபவர்கள் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் இந்தியாவில் இந்தத் தொழிலில் பெரிய பெயரான புரோபோவே சட்டம் வந்த கையோடு பணம் கட்டும் சேவையை நிறுத்திவிட்டது.

தண்டனை யாருக்கு? நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். பணப் பரிமாற்றத்துக்குத் துணைபோகும் வங்கிக்கும் பேமென்ட் நிறுவனத்துக்கும் அதே அளவு. விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம் வரை. ஸ்ட்ரீம் நடுவே ரெஃபரல் லிங்க் (ஆளைச் சேர்த்துவிடும் இணைப்பு) போடும் தம்பிகள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும். வெறுமனே விளையாடுபவருக்கு மத்திய சட்டத்தில் தண்டனை இல்லை.

சரி, அப்படியானால் ஆடலாமா? தமிழ்நாட்டில் அதுவும் முடியாது. 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மாநிலச் சட்டம் ஆன்லைன் பந்தயத்தையும் சூதாட்டம் என்றே கொள்கிறது. அதில் ஆடுபவருக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்று ரம்மி, போக்கர் சேர்த்திருந்த பட்டியலை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தாலும் சட்டம் செல்லும் என்றே சொன்னது.

மத்திய சட்டத்தை எதிர்த்த வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

வெளிநாட்டுத் தளம், கிரிப்டோ வாலட், விபிஎன் என்று போகிறவர்களுக்கு: வெளியிலிருந்து இந்தியாவுக்குள் சேவை தருவதற்கும் மத்திய சட்டம் பொருந்தும், தளத்தை முடக்கவும் முடியும். முடக்கினால் உள்ளே கிடக்கும் பணத்தைக் கேட்க இங்கே ஆள் இருக்காது. ‘வித்ட்ரா செய்ய முதலில் வரி கட்டு’ என்று யாராவது கேட்டால் அது மோசடி. ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் வேறு கணக்குக்குப் போகும் முன் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.