சுகாதாரத்துக்கென்று பேரவையில் ஒரு நிரந்தரக் குழு வேண்டும்

பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் மருத்துவம் பார்க்கும் எனக்கு அந்த நாலரை மணி நேரம் எப்படிப் போகிறது என்று நன்றாகத் தெரியும். முதலில் உள்ளூரில் ஓர் ஊசி, அப்புறம் தாலுகா ஆஸ்பத்திரி, அங்கே சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு மதுரை பெரியாஸ்பத்திரி.

"இங்கனயே ஒரு ஊசியப் போட்டு விடுங்க சார், மதுரைக்கு அலையத் தோதுப்படாது" என்று ஓர் அம்மா கேட்டார். பக்கத்தில் சாய்ந்திருந்த கணவரின் வலது கை பெஞ்சிலிருந்து நழுவி நழுவி விழ, அந்த அம்மா அதை எடுத்து மடியில் வைத்தபடியே இருந்தார். விடியக்காலையில் மாட்டை அவிழ்க்கப் போனபோதே நாக்குக் குழறியதாம். என்னிடம் வந்தபோது மணி பதினொன்று. ஊசிக்கான நேரம் முடிந்திருந்தது.

இவரைப் போல எத்தனை பேர் நேரம் கடந்து போய்ச் சேருகிறார்கள்? எந்த வழியில் தாமதம்? ஸ்கேன் இருக்கும் இடத்தில் ராத்திரி அதை இயக்க ஆள் உண்டா? சட்டப்பேரவையில் சுகாதாரத்துக்கென்று ஒரு நிரந்தரக் குழு இருந்து, அதில் ஒரே எம்.எல்.ஏ.க்கள் நாலைந்து வருடம் விடாமல் துருவினால்தான் இதற்கெல்லாம் விடை கிடைக்கும்.

பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியலமைப்பின்படி மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆனால் நம் பேரவையில் மக்கள் நல்வாழ்வுத் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறையின் செலவுக்குப் பேரவையிடம் ஒப்புதல் கேட்பது, பெரும்பாலும் ஒரே நாளில் பேசி முடிக்கப்படுகிறது. பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, உறுதிமொழிக் குழு எல்லாம் இருக்கின்றன. அவை வேண்டியவைதான். ஆனால் எல்லாத் துறைகளையும் பார்க்கும் குழுக்கள் அவை. ஆஸ்பத்திரிக்கென்று தனியாக நேரம் ஒதுக்க அவற்றால் ஆகாது.

கேரளச் சட்டமன்றத்தில் 1980-லிருந்தே துறைவாரிக் குழுக்கள் உண்டு. நாடாளுமன்றம் 1993-ல் துறைவாரி நிலைக்குழுக்களை அமைத்தது. நாடாளுமன்றத்தின் சுகாதார நிலைக்குழு 2016-ல், மருத்துவக் கல்வியையும் மருத்துவர்களையும் அப்போது ஒழுங்குபடுத்தி வந்த இந்திய மருத்துவக் கவுன்சிலின் செயல்பாட்டைப் பற்றிக் கொடுத்த அறிக்கையை மருத்துவர்கள் யாரும் மறக்க முடியாது. அதில் இருந்த கடுமையான விமர்சனங்களுக்குப் பிறகுதான் 2019-ல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வந்தது, பழைய கவுன்சில் போனது.

1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. 1994-ல் நாம் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகத்தின் மருந்துக் கொள்முதல் முறையை மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போகின்றன. நமக்கு இந்தக் குழு அமைப்பது பெரிய காரியமே இல்லை.

சரி, எப்படிப்பட்ட குழு? கேரளத்தில் துறை அமைச்சரே குழுத் தலைவர். இதை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. நாடாளுமன்ற நிலைக்குழுக்களில் அமைச்சர்கள் உறுப்பினராகவே இருக்க முடியாது, அதுதான் சரி. உறுப்பினர்களை வருடாவருடம் மாற்றாமல் பேரவையின் ஐந்தாண்டுக் காலம் முழுக்க வைக்க வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரையும் 108 ஓட்டுநரையும் நேரில் அழைத்துக் கேட்க வேண்டும். அறிக்கை தமிழில் வர வேண்டும், மூன்று மாதத்துக்குள் அரசு பதில் வைக்க வேண்டும்.

மதுரை மாவட்டத்துக்குப் பத்து எம்.எல்.ஏ.க்கள் இருக்கிறார்கள். அடுத்த தடவை உங்கள் ஊருக்கு வரும்போது ஆஸ்பத்திரிக் கட்டடத்தோடு இந்தக் குழுவையும் கேளுங்கள். பேரவையின் மனுக்கள் குழுவுக்கும் எழுதலாம்.