நல்லது ஏன் மனசில் நிற்பதில்லை?

ஆத்தங்குடியில் தரைக்கல் போடும் பட்டறையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கண்ணாடிமேல் தகட்டு அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு சிறு கட்டத்திலும் வண்ண சிமென்ட் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த மணல்-சிமென்ட் தூவி, ஈரக் கலவை பூசிச் சமன்செய்கிறார்கள். அப்புறம் தண்ணீரில் ஊறல். கண்ணாடியைப் பிரித்ததும் பூ பளபளக்கும். அத்தனை அழகான அடுக்கில் ஒரு கல்லின் மூலை உடைந்திருந்தால் போதும், நம் கண் நேரே அங்கேதான் போகும்.

இது நம் குணக்கேடு இல்லை, மூளையின் அமைப்பு. காட்டில் ஒரு பழத்தைக் கவனிக்காமல் விட்டவனுக்கு ஒருவேளைப் பசி. பாம்பைக் கவனிக்காதவனுக்கு உயிரே போனது. அதனால் ஆபத்தை முந்திக் கவனிக்கும் மூளையே தலைமுறை தாண்டி வந்திருக்கும் என்று கருதுகிறார்கள். மனம் பதறும்போது அமிக்டலா என்ற சிறு பகுதி விழித்துக்கொண்டு, அந்த நினைவை ஆழமாகப் பதியவைக்கிறது. விசேஷ வீட்டில் பந்தி முழுக்கப் புகழ்ந்திருக்கும். யாரோ ஒருவர் "கும்மாயத்தில கருப்பட்டி கொஞ்சம் கம்மி" என்றதுதான் ராத்திரி ஆச்சியைத் தூங்கவிடாது.

சரி, 'எல்லாம் நல்லபடியா நடக்கும்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தால் தீருமா? தீராது. உளவியலாளர் காப்ரியேல் எட்டிங்கன் வேலை தேடும் பட்டதாரிகளை ஆராய்ந்தார். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி கனவு கண்டவர்களுக்கு, இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, வேலை வாய்ப்பும் சம்பளமும் குறைவாகவே இருந்தன. கனவிலேயே கிடைத்துவிட்டால், எழுந்து ஓடும் வேகம் தணிந்துவிடுகிறது.

பலன் தருவது வேறொன்று: நடந்த நல்லதைக் கவனிப்பது. 2005-ல் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர், தினமும் இரவில் நன்றாக நடந்த மூன்று விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் ஒரு வாரம் எழுதச் சொன்னார்கள். அந்த வாரத்துக்குப் பிறகும் தாமாகவே தொடர்ந்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்தும் மகிழ்ச்சி கூடுதலாக இருந்தது. என்னைக் கேட்டால், அந்த 'ஏன்'தான் இதில் முக்கியம். 'இன்று நல்ல நாள்' என்று எழுதினால் மனசில் ஒன்றும் ஒட்டாது. 'காரைக்குடி பஸ்ஸில் ஒரு பிள்ளை எழுந்து இடம் கொடுத்தது. என் கையில் இருந்த பையைக் கவனித்திருக்கிறது' என்று எழுதுங்கள். ராத்திரி எழுத வேண்டும் என்று தெரிந்தால், பகலிலேயே கண் நல்லதைத் தேடத் தொடங்கிவிடும்.

பழக்கமாக எத்தனை நாள் ஆகும்? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவாந்தரமாக 66 நாள். அந்த 12 வாரப் போக்கை வைத்துக் கணித்ததில், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஒருநாள் தவறியதால் பெரிய நஷ்டமில்லை. அவர்கள் ஒவ்வொருவரும் புதுச் செயலை ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒன்றோடு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நமக்கு அது ராத்திரி பால் கணக்கு எழுதும் நேரமாக இருக்கலாம். அதே நோட்டில், கணக்குக்குக் கீழேயே மூன்று வரி.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுக் கிடந்தால் இந்த நோட்டு போதாது. மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.