லாரியைச் சுமக்கும் ரயிலுக்கு ஏன் குட்டிச் சக்கரம்?

ஐரோப்பாவில் ஒரு சரக்கு லாரி 4 மீட்டர் உயரம் வரை இருக்கலாம். சாதாரணத் தட்டை வேகனின் தளமோ தண்டவாளத்திலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர் மேலே இருக்கும். கூட்டினால் 5.2 மீட்டர். சுவிட்சர்லாந்தையும் இத்தாலியையும் இணைக்கும் சிம்ப்லான் சுரங்கம் திறக்கப்பட்டது 1906இல். கன்டெய்னர் லாரியை மனதில் வைத்து யாரும் அதைக் குடையவில்லை. கூரை வேறு வளைவு. பெட்டி வடிவ லாரியின் மேல் மூலைகள்தான் முதலில் இடிக்கும். ஆகவே, மலையைத் தாண்டி லாரியை ரயிலில் கொண்டுபோவதில் எஞ்சின் பலத்தைவிடப் பெரிய தலைவலி உயரம்தான்.

லாரியைக் குட்டையாக்க முடியாது. சுரங்கத்தின் தரையைத் தோண்டிக் கொஞ்சம் இறக்கலாம். சிம்ப்லானில் அதைச் செய்தார்கள். மீதியை வேகன்தான் ஈடுகட்ட வேண்டும். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கிலிருந்து இத்தாலியின் நொவாரா வரை 2001 முதல் லாரிகளைச் சுமந்த ரயிலில், வேகனின் தளம் தண்டவாளத்திலிருந்து அரை மீட்டர்கூட இல்லை. தளம் அவ்வளவு இறங்க வேண்டுமானால், அதன் அடியில் இருக்கும் சக்கரமும் சிறுத்தாக வேண்டும். வழக்கமான சரக்கு வேகனின் சக்கரம் சுமார் 92 செ.மீ. விட்டம். இதில் 36 முதல் 38 செ.மீ. மட்டுமே.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பெரிய சக்கரம் நொடிக்குப் பத்து முறை சுற்றினால், இந்தக் குட்டிச் சக்கரம் இருபத்தைந்து முறை சுற்ற வேண்டும். பேரிங் அதிகம் உழைக்கிறது, பிரேக் பிடித்தால் வரும் சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பும் குறைவு. அதோடு, சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் ஒரு சிறு நாணயத்தளவுதான். சக்கரம் சிறுத்தால் அந்த இடமும் சுருங்கும், அழுத்தம் எகிறும். அப்படியானால் ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் பாரத்தைக் குறைக்க வேண்டும். அதனால்தான் வழக்கமான நான்கு அச்சுகளுக்குப் பதில் எட்டு அச்சுகள், பதினாறு சக்கரங்கள். 40 டன் லாரியும் வேகனின் எடையும் சேர்ந்தாலும், ஓர் அச்சுக்கு எட்டு டன்னுக்குள் அடங்கிவிடுகிறது. எனக்கு இந்த விடை மிகவும் பிடித்திருக்கிறது. இழந்த வலிமையை எண்ணிக்கையால் மீட்டுவிட்டார்கள்.

ஏற்றுவதற்குக் கிரேன் தேவையில்லை. ரயிலின் ஒரு முனையில் சாய்தளத்தை வைத்தால், லாரிகள் வரிசையாக ஏறி, வேகன் விட்டு வேகன் தாண்டி, ரயிலின் மேலேயே ஓட்டிக்கொண்டு போய் நிற்கும். டயருக்கும் விளிம்புக்கும் இடையே மிச்சம் கொஞ்சம்தான், நிதானமாக ஓட்ட வேண்டும். அப்புறம் சக்கரங்களுக்கு ஆப்பு வைத்துவிட்டு, ஓட்டுநர்கள் தனிப் பயணிகள் பெட்டிக்குப் போய்ப் படுக்கலாம். படுக்கை வசதி இருந்தால், ரயிலில் கழியும் நேரத்தை ஓட்டுநரின் கட்டாய ஓய்வாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள ஐரோப்பிய விதி இடம் தருகிறது. லாரி முதலாளிக்கு இது பெரிய லாபம்: ஓட்டுநர் தூங்குகிறார், சரக்கு மலையைக் கடக்கிறது.

ஆனால் லாரியின் எஞ்சினையும் கேபினையும் டயர்களையும் சேர்த்தே சுமக்கிறோம். அவற்றுக்கு யாரும் சரக்குக் கட்டணம் தருவதில்லை. டிரெய்லரை மட்டும் கிரேனால் தூக்கி வேகனில் வைத்துவிட்டால் இந்த வெட்டிச்சுமை இல்லை, ஓட்டுநரும் வேண்டாம். குட்டிச் சக்கரங்களின் பராமரிப்புச் செலவோ ஏறிக்கொண்டே போகும். ஃப்ரைபுர்க்–நொவாரா சேவையை 2025 இறுதியோடு நிறுத்த முடிவெடுத்தார்கள்.

நம் நாட்டில் கொங்கண் ரயில்வே 1999இல் இதே வேலையைத் தொடங்கியது. மகாராஷ்டிரத்தின் கோலாடில் லாரிகள் ஏறி, கோவாவின் வெர்ணாவில் இறங்கும். வழியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிளைகளைக் குடைந்த சுரங்கங்கள் ஏராளம். கர்புடே சுரங்கம் மட்டும் ஆறரை கி.மீ. இங்கே குட்டிச் சக்கரம் இல்லை, சாதாரணத் தட்டை வேகன்தான். நம் அகலப் பாதையில் ரயிலைச் சுற்றிலும் விடப்படும் இடம் ஐரோப்பாவைவிடத் தாராளம். இருந்தாலும் உயர வரம்பு உண்டு. சரக்கை அதிக உயரத்துக்கு அடுக்கிக்கொண்டு வரும் லாரி, வேகனில் ஏற முடியாது.