ஃபால்கனெட்: தமிழில் குறுவல்லூறு

ஃபால்கனெட் ஒரே பறவையின் பெயரன்று. ஆசியக் காடுகளில் வாழும் சிறு வேட்டைப்பறவைகளான ஐந்து இனங்கள் கொண்ட மைக்ரோஹையராக்ஸ் பேரினத்துக்கான பொதுப்பெயர். கிரேக்கத்தில் மைக்ரோஸ் என்றால் சிறிய. ஹையராக்ஸ் என்றால் வேட்டைப்பறவை. 1874இல் ஆங்கிலேயப் பறவையியலாளர் ஷார்ப் இட்ட பெயர் அது. ஆங்கிலத்தில் ஃபால்கன் என்னும் வேட்டைப்பறவைப் பெயரோடு சிறுமை விகுதி சேர்ந்து ஃபால்கனெட் ஆயிற்று. பழைய சிறுபீரங்கிக்கும் இதே பெயர் உண்டு; வரலாற்று நூலை மொழிபெயர்ப்பவர்கள் பறவையைக் கோட்டை மதிலில் ஏற்றிவிட வேண்டாம்.

தமிழில் இதை வெறும் வல்லூறு என்றால் குழப்பம்தான். மதுரைப் பக்கம் ஓணானையும் கோழிக்குஞ்சையும் தூக்கும் ஷிக்ராவுக்கே அந்தப் பெயர். அது பருந்து வரிசையைச் சேர்ந்தது. மதுரை அருகே அரிட்டாபட்டி மலையில் உள்ள லகர், ஷாஹீன் இரண்டும் ஃபால்கன்கள். அவற்றையும் வல்லூறு என்றே எழுதுகிறோம். மரபணு ஆய்வுகளின்படி ஃபால்கன்களுக்கு நெருங்கிய சொந்தம் பருந்து அல்ல, கிளிகளும் குருவி வரிசைப் பறவைகளும்தான். குறுந்தொகை 151இல் வரும் ‘எழால்’ என்னும் வேட்டைப்பறவைப் பெயர் அழகான சொல். ஆனால் எந்த இனம் என்று அறுதியிட முடியாததைக் கலைச்சொல்லாக்கினால் இன்னொரு குழப்பம். ‘குட்டி வல்லூறு’ என்றால் குஞ்சு என்று ஆகிவிடும். குறுவல்லூறு என்பதே பொருந்தும்.

ஐந்து இனங்களில் வெண்கழுத்துக் குறுவல்லூறுக்கு 1758இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயரிட்டார். இமயமலை அடிவாரத்திலிருந்து தென்கிழக்காசியா வரை இருக்கிறது. நம் பக்கம் கிடையாது. நீளம் 15 முதல் 18 செ.மீ., ஏறக்குறைய சிட்டுக்குருவி அளவு. முதுகு பளபளக்கும் கறுப்பு. நெற்றியும் புருவமும் கழுத்துப்பட்டையும் வெள்ளை. கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. தொண்டையும் தொடையும் செம்பழுப்பு. பட்டுப்போன மர உச்சியில் உட்கார்ந்து தும்பியையும் வண்ணத்துப்பூச்சியையும் பறந்து பிடிக்கும். சொந்தமாகக் கூடு கட்டாது. மரங்கொத்தியோ குக்குறுவானோ விட்டுப்போன பொந்தில் முட்டையிடும்.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் எடுத்த படத்தைக் குறுவல்லூறு என்று யாராவது அனுப்பினால், அது பெரும்பாலும் கீச்சானாகவே (ஆங்கிலத்தில் ஷ்ரைக்) இருக்கும். கண்ணை ஒட்டி அதே கறுப்பு முகமூடி, அதே வளைந்த அலகு. மேலலகின் ஓரத்தில் பல்போன்ற முனை இருந்தால் ஃபால்கன் என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. இரையின் பிடரியைக் கடித்து முறிக்க உதவும் அந்தப் பல் கீச்சானுக்கும் உண்டு. காலைப் பாருங்கள். கீச்சானுக்கு மெலிந்த குருவிக்கால். பிடித்த இரையை முள்ளில் குத்தி வைத்துக் கிழிப்பதும் அதனால்தான். குறுவல்லூறின் விரல்கள் தடித்தவை, நகங்கள் வளைந்தவை. இரையைக் காலிலேயே இறுக்கிப் பிடித்துத் தின்னும்.