பெரிய வீட்டில் தனியாக ஆச்சி: வார்டு அளவில் என்ன செய்யலாம்?

முகப்பு, வளவு (நடுவில் திறந்த முற்றம்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் காரைக்குடியில் ஏராளம். கூட்டமாகப் புழங்கிய அந்த வீடுகள் பலவற்றில் இன்று ஓர் ஆச்சியோ ஐயாவோ மட்டும் இருக்கிறார்கள். படுக்கை முன்னால், கழிப்பறை கொல்லைப் பக்கம். இரவில் எழுந்தால் நாலைந்து நிலைப்படி தாண்டி, திறந்த வளவு ஓரமாக நடக்க வேண்டும். மழை நாளில் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் நனைந்து வழுக்கும்.

ஆகவே முதல் வேலை, படுக்கையைக் கழிப்பறைக்கு அருகில் மாற்றுவது. முடியாவிட்டால் இரவுக்கு மட்டும் கட்டிலோரம் கமோடு நாற்காலி. பல முதியவர்கள் இதைக் கௌரவக் குறைவாக நினைப்பார்கள். வற்புறுத்தாமல், "மழைக்காலத்துக்கு மட்டும் வைத்துப் பாருங்கள்" என்றால் இணங்குவார்கள். குளியலறைக் கதவு உள்பக்கம் திறந்தால், விழுந்தவரின் உடலே கதவை அடைத்துவிடும். கதவை வெளிப்பக்கம் திறக்குமாறு மாற்றி, வெளியிலிருந்தும் நீக்கக்கூடிய தாழ்ப்பாள் போடுங்கள்.

கைப்பிடிக் கம்பி 32 முதல் 38 மி.மீ. தடிமனில், சுவரிலிருந்து 4 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். திருகு டைல்ஸையும் பூச்சையும் தாண்டிச் செங்கல்லில் இறங்காவிட்டால், ஆள் எடை பட்டதும் கம்பி கையோடு வந்துவிடும். துண்டு போடும் கம்பியை நம்பவே கூடாது. நிலைப்படிக்குச் சாய்தளம் போடுவதானால் 6 அங்குல உயரத்துக்கு 6 அடி நீளம் வேண்டும். இடமில்லை என்று 2 அடிப் பலகையைச் சாய்த்து வைப்பது படியைவிட ஆபத்து.

விழுவதற்கு வழுக்கல் மட்டும் காரணமல்ல. படுத்திருந்து எழும்போது சிலருக்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 புள்ளிக்கு மேல் இறங்கித் தலை சுற்றும். உட்கார வைத்து மட்டும் பார்த்தால் இது தெரியாது. 5 நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்ற 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மறுபடி என்று பார்க்க வேண்டும்.

மாத்திரையில் நடக்கும் பெரிய தவறு இரட்டிப்பு. 2021 ஆகஸ்ட் 5 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. தனியார் மருத்துவர் எழுதியதும் அதே மருந்தாக இருக்கும், பெயர் மட்டும் வேறு. இரண்டையும் விழுங்கிவிடுகிறார்கள். வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு தட்டில் கொட்டி, கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் உள்ள மருந்துப் பெயரை ஒப்பிடுங்கள். தனியாக இருப்பவர்கள் இரவுச் சமையலை அடிக்கடி விட்டுவிடுவார்கள். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். சாப்பிடாத வேளைக்கு என்ன செய்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

இதையெல்லாம் யார் யார் வீட்டுக்குப் போய்ச் சொல்வது? 2011 கணக்கெடுப்பில் காரைக்குடியில் சுமார் 1.06 லட்சம் பேர். தமிழகத்தில் 60 கடந்தோர் 10.4 சதவீதம். அதே விகிதம் என்று வைத்தால், பழைய 36 வார்டுகளில் வார்டுக்கு ஏறத்தாழ 300 பேர். அதில் தனியாக இருப்பவர்களை மட்டும் எடுத்தால் ஒரு நோட்டுக்குள் அடங்கும். பால்காரர், தபால்காரர், சிலிண்டர் போடுபவர், ரேஷன் கடைக்காரர் ஆகிய நால்வரிடம் கேட்டாலே பெயர்கள் வந்துவிடும்.

அந்த நோட்டில் பெயர், கதவு எண், மாத்திரை விவரம், மாற்றுச் சாவி வைத்திருப்பவர், பிள்ளைகளின் எண் இருக்கட்டும். எந்தத் தெருக் கதவு திறக்கும் என்பதையும் எழுதுங்கள். இரு தெரு வீட்டில் 108 வண்டி பூட்டிய முகப்பில் நின்றுகொண்டிருக்க, ஆள் பின்கட்டில் கிடப்பார். இந்தப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடவே கூடாது. தனியாக இருப்பவர்களின் முகவரி திருடனுக்கும் பட்டியல்தான். செவிலியரிடம் ஒன்று, காவல் நிலையத்தில் ஒன்று போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்தாவிட்டால் சாவி வைத்திருந்தவரே ஊர் மாறிப் போயிருப்பார்.

70 கடந்தவர்களுக்கு ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்றைத் தபால்காரரே வீட்டில் எடுத்துத் தருவார், கட்டணம் 70 ரூபாய். முதியோர் உதவி எண் 14567.

தினசரி விசாரிப்புக்கு நேரத்தைக் குறித்துவிடுங்கள். காலை 8 மணிக்கு ஒரு அழைப்பு. எடுக்காவிட்டால் 8.30-க்கு மறுபடி. அதற்கும் பதில் இல்லையென்றால், "தூங்குவார்கள்" என்று விட்டுவிடாமல், 9 மணிக்குள் சாவிக்காரர் கதவைத் திறக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை ஆச்சியிடமே முதலில் சொல்லி, அவர் சம்மதத்தோடு தொடங்குங்கள்.