சோஷியல் கேர்: சொல்லும் பொருளும்

இங்கிலாந்தில் நோய், உடல் அல்லது மனநலக் குறைபாடு, முதுமை ஆகியவற்றால் அன்றாட வாழ்வைத் தனியே நடத்த இயலாத, 18 வயது நிரம்பியவர்களுக்கு உள்ளாட்சி மன்றமாகிய கவுன்சில் ஏற்பாடு செய்யும் உதவியே 'அடல்ட் சோஷியல் கேர்'. காலையில் வந்து குளிக்கவும் உடுத்தவும் துணை நிற்பது, குளியலறையில் கைப்பிடி பொருத்துவது, பகல்நேர நிலையத்தில் இடம் பெற்றுத் தருவது, பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது என அது பல வகைப்படும். தேசிய சுகாதாரச் சேவையின் மருத்துவத்தைப் போல இது எல்லோருக்கும் இலவசம் அன்று என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்துகொள்வது நல்லது.

'கேர்' என்பதன் மூலமான பழைய ஆங்கிலச் சொல்லுக்குத் துயரம், கவலை என்பனவே பொருள். ஒருவரைக் குறித்துக் கவலைப்படுதல் என்பது காலப்போக்கில் அவரைக் கவனித்துக்கொள்ளுதல் என விரிந்தது. 'சோஷியல்' என்பது தோழன் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1948-இல் தேசிய உதவிச் சட்டம் பழைய ஏழையர் சட்டத்தை ஒழித்து, முதியோருக்கும் இயலாதோருக்கும் உறைவிடம் தரும் கடமையைக் கவுன்சில்களிடம் ஒப்படைத்தது. 1970-ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சில்தோறும் சமூகச் சேவைத் துறையை அமைத்தது. 2004-ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்திற்குப் பின் சிறுவர் பணிகள் தனியே பிரிந்தமையால்தான் 'அடல்ட்' என்ற அடைமொழி நிலைத்தது. இன்று நடைமுறையில் இருப்பது 2014-இல் இயற்றப்பட்ட பராமரிப்புச் சட்டம்.

தமிழில் இதனைச் 'சமூக நலன்' என்று எழுதுவோர் உண்டு. அது உதவித்தொகை என்ற எண்ணத்தைத் தருவதால், மானம் கருதிக் கேட்கத் தயங்குவோர் மேலும் தயங்குகின்றனர். 'சமூகப் பாதுகாப்பு' என்பது ஓய்வூதியம் போன்ற பணத் திட்டங்களுக்கு உரிய பெயர். 'முதியோர் பராமரிப்பு' என்றாலோ, கற்றல் குறைபாடுள்ள இருபத்தைந்து வயது இளைஞர் விடுபட்டுப் போவார். பேணுதல் என்பது அழகிய சொல்லே. ஆயினும் பராமரிப்பு என்பதே எல்லோர் நாவிலும் பழகியிருப்பதால், 'வயதுவந்தோர் சமூகப் பராமரிப்பு' என்பதே பொருத்தமான நிகரன் என்பது என் கருத்து.

இதனோடு சேர்த்து அறியவேண்டிய சொல் 'அசெஸ்மென்ட்', அதாவது தேவை மதிப்பீடு. பராமரிப்புத் தேவை இருக்கலாம் எனத் தோன்றும் எவருக்கும், அவருடைய சேமிப்பு எவ்வளவாயினும், இம்மதிப்பீட்டைக் கட்டணமின்றிச் செய்வது கவுன்சிலின் சட்டக் கடமை. உண்ணுதல், உடல் தூய்மை, கழிப்பறைப் பயன்பாடு, உடுத்துதல், வீட்டில் பாதுகாப்பாக நடமாடுதல், உறவுகளைப் பேணுதல் உள்ளிட்ட பத்துக் கூறுகளுள் இரண்டிலாவது ஒருவருக்கு இயலாமை இருந்து, அதனால் அவர் நல்வாழ்வு குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கப்படுமானால் தகுதி உண்டு. இங்கே 'இயலாமை' என்ற சொல்லைச் சட்டம் விரிந்த பொருளில் ஆள்கிறது. சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொள்பவராயினும், அதற்கு வழக்கத்தைவிட மிகுந்த நேரம் பிடிக்குமானால், அல்லது கடுமையான தோள் வலியைப் பொறுத்துக்கொண்டுதான் போட முடியுமானால், அவரும் இயலாதவரே. நம் பெரியவர்கள் வீட்டுக்கு வரும் அலுவலரிடம் "ஒரு கஷ்டமும் இல்லை, நானே செய்துகொள்வேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடுவதால், உரிய உதவி கைநழுவுவதுண்டு. மொழி தடையானால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

'நிதி மதிப்பீடு' அதற்கு அடுத்த படி. சேமிப்பும் சொத்தும் 23,250 பவுண்டுக்கு மேற்பட்டால் பொதுவாக முழுச் செலவும் உதவி பெறுபவருடையதே. சொந்த வீட்டிலேயே தங்கி உதவி பெறுபவருக்கு அந்த வீட்டின் மதிப்பு கணக்கில் சேராது. வீடு பறிபோகும் என்றஞ்சிக் கேளாமலே இருந்துவிடுவோர் இதனை அறிய வேண்டும்.

'கேரர்' என்பது ஊதியம் பெறும் பணியாளரைக் குறிப்பதன்று. அவர் 'பராமரிப்புப் பணியாளர்'. தாயையோ கணவரையோ ஊதியமின்றிக் கவனித்துக்கொள்ளும் மகளும் மனைவியுமே பராமரிப்புச் சட்டத்தின்படி 'பராமரிப்பாளர்'. தாம் கவனித்துக்கொள்பவர் மதிப்பீட்டை மறுத்துவிட்டாலும், தமக்கென்று தனி மதிப்பீடு கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.