"லேசாத்தான் தட்டினேன் மிஸ்!"

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நான்காம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்: "பெஞ்சில் இடம் பிடிக்கிற சண்டை. விசாரித்தால் இரண்டு பேருமே 'நான் லேசாத்தான் தட்டினேன் மிஸ், அவன்தான் ஓங்கி அடிச்சான்' என்கிறார்கள். யார் சொல்வது பொய்?"

இருவருமே உண்மை சொல்லியிருக்கலாம்.

கோபம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும்; அதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். என்னை மயக்குவது வேறொன்று. கையை அசைக்கச் சொல்லித் தசைக்கு உத்தரவு போடும் மூளை, அந்த உத்தரவின் நகலை வைத்து 'தொட்டால் இப்படித்தான் இருக்கும்' என்று முன்கூட்டியே கணிக்கிறது. பிறகு, வரும் தொடுவுணர்விலிருந்து அதைக் கழித்துவிடுகிறது. நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்ட முடியாதது இதனால்தான். அடுத்தவர் கை படும்போது அப்படிக் கழிக்க எதுவும் இல்லை, முழுசாக உறைக்கிறது.

2003இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள். இருவர் மாறி மாறி ஒருவர் விரலை ஒருவர் அழுத்த வேண்டும். வாங்கிய அளவையே திருப்பித் தர வேண்டும். பகையே இல்லாத அந்த இருவரிடமும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் சராசரியாக 38 சதவீதம் ஏறியது. நான்கு முறை கைமாறினால் மூன்றரை மடங்கு!

அக்கா மகனிடம் சமையலறைத் தராசை வைத்துச் செய்து பார்த்தேன். தராசின் மேல் இருந்த அவன் இடது விரலை 200 கிராம் காட்டும்வரை அழுத்தினேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, அவனே வலது விரலால் அதே அளவு அழுத்த வேண்டும். "இவ்ளோதான் மாமா" என்று கண் திறந்தான். 290. நம்பாமல் தராசைத் திருப்பி பேட்டரியைப் பார்த்தான்.

கோபக்காரப் பிள்ளை என்று கயிறு மந்திரித்துக் கட்டும் பெற்றோரை நிறையப் பார்க்கிறேன். வகுப்புக்கு ஒரு தராசு வாங்கித் தாருங்கள் என்றுதான் அவர்களைக் கேட்பேன்.

சரி, வகுப்பில் என்ன செய்வது? முதலில் மூச்சை நிதானமாக, நீளமாக வெளியே விடச் சொல்லுங்கள். அப்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கும். அடுத்து, 'யார் முதலில் அடித்தது?' என்ற கேள்வியை விட்டுவிட்டு, 'உனக்கு எப்படிப் பட்டது, எங்கே வலித்தது?' என்று கேளுங்கள். ஒருவன் சொன்னதை மற்றவன் தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். தன் அடி எவ்வளவு உறைத்தது என்பதை அவன் வேறு எப்படித் தெரிந்துகொள்வான்? தினமும் ஒரே பிள்ளை அடி வாங்குகிறான் என்றால் அது வேறு விஷயம். அங்கே பெரியவர்கள்தான் தடுக்க வேண்டும்.

பெஞ்சு விவகாரத்தைக் கடைசியில் எடுங்கள். இந்த வாரம் ஜன்னலோரம் யாருக்கு, அடுத்த வாரம் யாருக்கு என்று அவர்களே பேசி முடிக்கட்டும்.